குகைக்குள் முதலில் யார் போவது

1. மெக்சிக்கோவில், மாயன் இடிபாட்டு நகரம் ஒன்றின் நுழைவாயிலில் பைலட் அண்ணை வலது காலைத் தூக்கி மூன்று தரம் ஓங்கி மிதித்தார்.

2. காவலாளி விசில் ஊதினார்.

3. அண்ணை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

4. விசில் மறுபடியும் ஊதப்பட்டது. இந்த முறை மரியாதை இல்லை என்பது அண்ணைக்கும் விளங்கியது.

5. அவருடைய மனைவி யோகம் அக்கா விசிலைக் கவனிக்கவே இல்லை. காலையிலிருந்து அவருடைய நினைப்பெல்லாம் ஒன்றில்தான் இருந்தது. பின்னேரம் குகைக்குப் போகிறோம். அந்தக் குகைக்குள் அவர் தன் கணவருக்கு முன்னால் இறங்க வேண்டும்.

ஐந்தாவதுதான் விஷயம். ஆனால் பைலட் அண்ணையைத் தெரியாதவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது.

ஹம்பேர்க் நகரத்தில் பைலட் அண்ணைக்கு முன்னால் ஒரு வாசலைக் கடந்த மனிதர் கிடையாது. அவர் விமானம் ஓட்டியவர் அல்லர். ஒரு பாண் தொழிற்சாலையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி சுட்டு ஓய்வு பெற்றவர். ஊரில் மந்திரிமாரின் காருக்கு முன்னால் சைரன் அடித்துக்கொண்டு ஓடுகிற வண்டியைப் பைலட் என்பார்கள். இவரும் மனைவிக்கு முன்னால் அப்படியே போவதால் யாரோ வைத்த பெயர். சொந்தப் பெயரை அவர்களுடைய தபால்பெட்டியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எஸ்-பான் ரயிலின் கதவு திறந்தால், இறங்க நிற்பவர்களை இடித்துக்கொண்டு அண்ணை உள்ளே போவார். மூன்று மிதி மிதிப்பார். குனிந்து இருக்கைகளுக்குக் கீழே பார்ப்பார். பிறகுதான் திரும்பி, "வாரும் யோகம்" என்பார். ஒருமுறை அவர் குனிந்திருந்த நேரத்தில் கதவு மூடிவிட்டது. அக்கா மேடையில் நிற்க, அண்ணையை ரயில் கொண்டுபோய்விட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி மறு ரயிலில் திரும்பி வந்தார். அந்த ரயிலையும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அதில் இருந்தார்.

அவர்களும் நாங்களும் இருக்கிற கட்டடத்தின் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மையார் ஒருநாள் அக்காவுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கைக்குக் கீழால் புகுந்து போனவர் அண்ணை. அம்மையார் திகைத்துப்போனார். அண்ணை ஜெர்மனில் ஒரே சொல்லில் விளக்கம் கொடுத்தார்: "பாதுகாப்பு!"

என் கல்யாண வீடியோவில், நான் மண்டபத்துக்குள் நுழைவதற்கு முதல் ஒரு வழுக்கைத் தலை நுழைகிறது. செங்கம்பளத்தில் மூன்று மிதி. மேடைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் தெளிவாகப் பதிந்திருக்கிறது: "உந்த மனுசனை ஆரும் பிடிச்சு இருத்துங்கோவன்!" ஒருவரும் பிடிக்கவில்லை. அன்று அக்காவும் மணப்பெண் ஊர்வலத்தில் விளக்கோடு வந்துகொண்டிருந்தார். அக்கா வருகிற வழியை அண்ணை பார்க்காமல் விடுவாரா?

நான் லிஃப்ட் பரிசோதனைப் பொறியாளர். ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் ஒரு பெட்டி பத்திரமானதா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆகவே அண்ணையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த அளவுக்கு நான் சிரித்ததில்லை. காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு இன்னும் குறைந்தது.

காரணம் பங்கர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில், அக்காவின் வீட்டு வளவில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு மூடிய ஒரு பதுங்கு குழி இருந்தது. குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் வீடே அதற்குள் பாயும். மழைக்காலத்தில் அதற்குள் பாம்பு வந்து படுத்திருக்கும். அதனால் ஒருவர் முதலில் இறங்கி, காலால் மிதித்து, வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். ஒருநாள் அக்கா வீட்டில் அதற்கு நேரம் இருக்கவில்லை. அக்காவின் தங்கை முன்னால் பாய்ந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்றார். வானத்தில் பொம்பர் சுற்றிக்கொண்டிருந்தபடியால் கடிபட்ட பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அடுத்த முறை பொம்பர் வந்தபோது பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன், தன் வீட்டுப் பங்கருக்குப் போகாமல், வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து இவர்களுடைய குழிக்குள் முதலில் குதித்து மிதித்தான். அதற்கடுத்த முறையும் வந்தான். பிறகு எல்லா முறையும் வந்தான். அப்படித்தான் பைலட் அண்ணைக்குக் கல்யாணம் நடந்தது.

கப்பல் பயணம் என்னுடைய திட்டம். என் கணவர் கஜனும் நானும் கரிபியன் கடலில் ஒரு கிழமை போவதாக இருந்தோம். நான் கரையிறங்கும் சுற்றுலாக்களை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யோகம் அக்கா ஒரு தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்தார். திரையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன பிள்ளை, கிணறோ?"

"குகை அக்கா. காலமை மாயன் இடிபாடு, பின்னேரம் இந்தக் குகை. நிலத்துக்குக் கீழை படியாலை இறங்க வேணும். உள்ளுக்கை தண்ணி இருக்குமாம்."

அக்கா தட்டை வைக்காமல் நின்றார். ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"நாங்களும் வரலாமோ?"

"வாங்கோவன்."

"ஆனா ஒண்டு. அதுக்குள்ளை நான்தான் முன்னாலை இறங்குவன். அவர் பின்னாலை வரட்டும்."

"ஏனக்கா?"

"தங்கச்சி போனதுக்குப் பிறகு நான் ஒரு இடத்துக்கும் முன்னாலை போகேல்லை. அந்தாள் போய்ப் பாத்து, வா எண்டு சொன்னாத்தான் போறன். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஒருக்கா என்ரை கண்ணாலை நான் பாக்க வேணும், பிள்ளை. சாக முதல் ஒருக்கா."

அண்ணையிடம் இதைச் சொன்னபோது முதலில் "ஏலாது" என்றார். அக்கா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். பிறகு அண்ணை "பாப்பம்" என்றார். எங்கள் ஆட்களிடம் "பாப்பம்" என்பது "ஏலாது" என்பதன் மரியாதைச் சொல். ஆனாலும் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

கப்பலில் அண்ணை மிதிக்காத தளம் இல்லை. ஏணிப்படியை மிதித்தார், சாப்பாட்டு மண்டபத்தை மிதித்தார், தன் அறையை வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் மிதித்தார். அறையைத் துப்பரவாக்குகிற பணியாளர் அவருக்கு ஏதோ கால் வருத்தம் என்று முடிவு செய்து, தலையணையில் ஒரு வலிநீக்கிக் களிம்பை வைத்துவிட்டுப் போனார். அண்ணை நெகிழ்ந்துவிட்டார். "நல்ல கப்பல். சொல்லாமலே கவனிக்கினம்."

பிறகு அந்த மெக்சிக்கோக் கரை. விசில் சம்பவம் முடிந்து உள்ளே போனோம். ஜெர்மன் பேசுகிற ஒரு இளம் வழிகாட்டி முன்னால் நடந்தார். பெரிய படிக்கட்டு ஒன்றின் அடியில் அண்ணை அப்படியே நின்றுவிட்டார். படியின் இரண்டு பக்கமும், வாயைப் பிளந்தபடி, ஆள் உயரத்தில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலைகள்.

"பாத்தனீங்களோ!" என்று கத்தினார். "நான் சொல்லேக்கை எல்லாரும் சிரிச்சனீங்கள்! இவை அப்பவே வாசல்லை எழுதியே வைச்சிருக்கினம்!"

"அண்ணை, அது அவையின்ரை சாமி," என்றார் கஜன்.

"சாமியெண்டாப்போலை கடிக்காதோ?"

வழிகாட்டி அடுத்துச் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மாயன் மக்களுக்குக் குகை என்பது கீழுலகத்தின் வாசல். இறந்தவர்கள் அந்த வழியால்தான் போவார்கள் என்று நம்பினார்களாம். அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"எங்கடை வளவிலையும் ஒண்டு இருந்தது," என்றார்.

அண்ணைக்கும் அது கேட்டது. பஸ்ஸில் குகைக்குப் போகும்வரை யன்னலால் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குகை என்றால் மலையில் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே தட்டையான காட்டுக்கு நடுவே நிலத்தில் ஒரு பொத்தல். அதற்குள் கல்லில் வெட்டிய படி, ஒருபக்கம் கயிறு, ஒரு வளைவு, அதற்கப்பால் இருட்டு. எல்லோருக்கும் விளக்குப் பொருத்திய தலைக்கவசம் தந்தார்கள். வழிகாட்டியின் கூட்டாளி ஒருவர் கீழே நின்றார். மேலேயிருந்து ஒவ்வொருவராக இறங்க வேண்டும். எங்களோடு வந்த ஜெர்மன்காரர்கள் ஒருவரும் சொல்லாமலே வரிசையாகிவிட்டார்கள். வரிசையின் தலைப்பில், பழக்கத்தில், அண்ணை நின்றார்.

"இஞ்சேருங்கோ, விலகுங்கோ," என்றார் அக்கா.

"நில்லும். நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு மேலை வாறன். பிறகு நீர் முன்னாலை போம்."

"அதுக்குப் பேர் முன்னாலையில்லை."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்."

"படி ஒராளுக்குத்தான் காணும். கண் தெரியேல்லையோ?"

"அப்ப கஜனை விடுவம் முதல்லை."

"என்னையோ?" என்றார் கஜன். அவருடைய ஆண்மைக்கு அது நல்ல தருணம் அல்ல.

"கீழை ஒருத்தன் நிக்கிறான் எல்லோ," என்றார் அக்கா. "அவன் உயிரோடைதானே நிக்கிறான்."

"அவன் மிதிச்சுப் பாத்தவனோ? கேட்டனீரோ?"

வழிகாட்டி என்னிடம் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். பின்னால் நின்ற ஒரு ஜெர்மன் பெண், தங்கள் குடும்பத்திலும் விடுமுறையில்தான் இதெல்லாம் வரும் என்று ஆறுதல் சொன்னார்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் எனக்காகக் குதிச்சது காணும், போதும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, காணுமெண்டு சொல்லுறன். விடுங்கோ."

அண்ணை விலகினார். அரைக் காலடி, அவ்வளவுதான். ஆனால் அவர் விலகியதை நான் முதல் தரம் பார்த்தேன்.

"காலைப் பாத்து வையும்," என்றார்.

அக்கா கயிற்றைப் பிடித்து இறங்கினார். அவருடைய தலைவிளக்கின் வட்டம் படிக்குப் படி கீழே போய், வளைவில் நின்றுவிட்டது. அங்கேயே நின்றது. சுவரில் அந்த வெளிச்சம் நடுங்கியதை மேலே நின்ற எல்லோரும் பார்த்தோம். கீழே நின்ற கூட்டாளி ஏதோ சொல்வது கேட்டது.

பைலட் அண்ணையின் வலது கால் படியின் விளிம்பில் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போகட்டோ, பிள்ளை?"

மேலதிகாரியிடம் அனுமதி கேட்கிறவர் போலக் கேட்டார். கீழே நின்று நடுங்குவது அவருடைய மனைவி.

"நில்லுங்கோ அண்ணை," என்றேன்.

நின்றார். காலை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கயிற்றின் மறுமுனையை அக்கா பிடித்திருந்தார். அது கொஞ்சம் இறுகியது. பிறகு தளர்ந்தது. வெளிச்சம் வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் இருட்டு மட்டும்தான். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. சுவரில் பட்டுப் பெரிதாகி வந்ததால் அது அக்காவின் குரல் என்று பிடிபட ஒரு கணம் எடுத்தது.

"இஞ்சேருங்கோ! தண்ணி அடிமட்டும் தெரியுது! வாங்கோ!"

அண்ணை மிதிக்காமல் இறங்கினார்.

நான் கீழே போனபோது அக்கா ஒரு கல்லில் இருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டிருந்தார். முகம் நனைந்திருந்தது. அது குகையின் கூரையிலிருந்து சொட்டிய நீராகவும் இருக்கலாம். அண்ணை பின்னால் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைக்கவசத்தின் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெறும் தண்ணி, பிள்ளை," என்றார் அக்கா என்னிடம். "வேறை ஒண்டுமில்லை. நல்ல குளிர்."

மேலே ஏறி வரும்போதும் அக்காதான் முன்னால். பின்னால் வந்து பழக்கமில்லாத அண்ணை, அக்காவின் குதிக்காலை இரண்டு தரம் மிதித்து, செருப்பின் வாரை அறுத்துவிட்டார். பஸ்வரை அக்கா ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனார்.

"பின்னாலை வாறதுக்கும் பழக வேணும், பாருங்கோ," என்றார்.

"பழகுவன்," என்றார் அண்ணை. அறுந்த செருப்பு அவருடைய கையில் இருந்தது.

நாங்கள் ஹம்பேர்க் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. அக்கா பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் போகிறார். அண்ணைக்கு நீந்தத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆழமான பக்கத்துக்குக் கிட்டவாக உள்ள மர வாங்கில் உட்கார்ந்து, அக்கா துடைக்கிற துவாயை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.