பைக்குள் தலை வைத்த சட்டம்

செழும்பொழில் நாட்டுக் குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வழக்கறிஞர் ஒருவரின் கை முறிக்கப்பட்ட செய்தி கேட்டு மாமன்னர் இடிமுழக்க வர்மர் அளவிலாத் துயரம் அடைந்து, இன்று காலை உணவில் ஓர் இட்லியைக் குறைத்துக்கொண்டார். மக்கள் பதற வேண்டாம். மதிய உணவு வழக்கம்போல நடைபெறும்.

கை முறிந்தவள் பெயர் தில்லைக்கரசி. சட்ட அமைச்சர் கோமேதகனாரின் மைத்துனர் ஓர் ஏரியை வேலி போட்டு வளைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருந்த பொம்மக்கா என்ற விவசாயி தில்லைக்கரசியிடம் வந்தாள். வழக்கு போட்டாயிற்று. சில நாளில் நீதிமன்ற வாசல் டீக்கடைக்கு உருட்டுக்கட்டையோடு வந்து சேர்ந்தான் மைத்துனரின் அடியாள் குழந்தைவேலு.

"வக்கீலம்மா, கேஸ வாபஸ் வாங்கிருங்க. எனக்கும் வேற சோலி இருக்குல்ல" என்றான்.

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "முடியாது" என்றாள். வலது கை போயிற்று.

மறுநாள் வக்கீல்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டைக் கழற்றி நீதிமன்ற மதில்மேல் தொங்கவிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அரசவை அவசரமாகக் கூடியது.

"வக்கீல்களை ஏன் அடிக்கிறார்கள்?" என்று கேட்டார் மன்னர்.

"ஆழ்ந்து ஆராய்ந்தோம், மன்னா" என்றார் கோமேதகனார். "பார்த்தவுடன் இவர் வக்கீல், இன்னார் என்று அடையாளம் தெரிந்துவிடுகிறது. அதுவே மூல காரணம்."

"அடித்தவனைப் பிடித்து உள்ளே போட்டால் என்ன?" என்றார் படைத்தலைவர். அவர் பதவிக்குப் புதியவர்.

"அது இலையைக் கிள்ளும் வேலை. நாம் வேரைப் பிடுங்குவோம்."

அவை கைதட்டியது. படைத்தலைவரும் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

இப்படியாக வழக்கறிஞர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இனி ஒவ்வொரு வக்கீலும் தலையில் கறுப்புப் பை மாட்டிக்கொள்ள வேண்டும். வக்கீலின் பெயர் அரசு ரகசியம். அதைக் கேட்பது, சொல்வது, சாடை காட்டுவது எல்லாம் சிறைக் குற்றம். வீதிதோறும் வக்கீல்களின் பெயர்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பைகளைத் தைத்துத் தரும் பொறுப்பு அமைச்சரின் மைத்துனருக்கே கிடைத்தது. கண்ணுக்கு ஓட்டை வைத்தவர் வாய்க்கு வைக்க மறந்துவிட்டார்.

அதோடு ஆளுக்கொரு பாதுகாவலர். வக்கீல்களோடு நெருங்கிப் பழகிய முன் அனுபவம் வேண்டும் என்றார்கள். தேர்வில் குழந்தைவேலுவே முதலாவதாக வந்தான். அவனைத் தில்லைக்கரசிக்கே ஒதுக்கினார்கள்.

ஏரி வழக்கு விசாரணைக்கு வந்தது. கட்டுப் போட்ட கையோடு ஒரு பை எழுந்து நின்றது. "மனுதாரர் தரப்பில் ஆஜராகிறேன், ஐயா" என்று உள்ளிருந்து முனகியது.

பக்கத்தில் அதைவிட உயரமாக இன்னொரு பை எழுந்தது. "நானும் அதே தரப்புதாங்க. கேஸ வாபஸ் வாங்கிக்கறோம். எனக்கும் வேற சோலி இருக்கு."

"உங்களில் யார் மனுதாரரின் வக்கீல்?" என்று கேட்ட நீதிபதி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் கேட்கவில்லை. பொதுவாக வியந்தேன். அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்."

"ஐயா, இவர் வக்கீலே இல்லை. இவர் என்னுடைய..."

"அடையாளத்தை வெளியிட வேண்டாம். எச்சரிக்கிறேன்."

பின் வரிசையில் இருந்த பொம்மக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சாமி, கையில கட்டுப் போட்டிருக்காங்களே, அவங்கதான் எங்க தில்லை வக்கீலம்மா. அந்தக் கைய ஒடச்ச குழந்தவேலுதான் இந்தத் தடியன். பைக்குள்ள பூந்துட்டா எங்களுக்குத் தெரியாதா? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டா மாடு ஆடாயிருமா?"

ஒரே மூச்சில் அவள் இரண்டு ரகசியங்களை உடைத்துவிட்டாள். வழக்கு வாபஸ் ஆனதாகப் பதிவாயிற்று. வழக்கறிஞர் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் குற்றவாளி என்ற பெருமையோடு பொம்மக்கா சிறைக்குப் போனாள்.

மேல்முறையீட்டுக்கு அவளிடம் கைநாட்டு வாங்கத் தில்லைக்கரசி சிறைக்குப் போனாள். சிறை அதிகாரி மரியாதை தெரிந்தவர்.

"பையோட வந்தா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, உள்ள விட முடியாதும்மா. பை இல்லாம வந்தா நீங்க வக்கீலே இல்ல, அப்பவும் விட முடியாது. மத்தபடி எப்ப வேணா வாங்க."

அவள் பையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். வெளியே போய் மதிலோரம் நின்று, "பொம்மக்கா, தில்லைக்கரசி வந்திருக்கேன், உங்க வக்கீல்" என்று கத்தினாள்.

"கேக்குது வக்கீலம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏரி என்னாச்சு?"

"அப்பீல் போடறேன். விடமாட்டேன்."

"நாத்து காஞ்சிருக்குமே."

"காஞ்சுபோச்சு. இன்னொரு தரம் விடலாம்."

பின்னால் நின்றிருந்த குழந்தைவேலுவுக்கு உண்மையாகவே வருத்தம். "பையப் போட்டிருந்தீங்கன்னா நானே குறுக்க விழுந்து காப்பாத்தியிருப்பேம்மா. என் டூட்டி அது. கழட்டிட்டீங்களே" என்றபடி, சுவரில் சாய்த்திருந்த கட்டையை எடுத்தான். இந்த முறை இடது கை.

ஆண்டு முடிவில் கோமேதகனார் அவையில் அறிக்கை படித்தார். சட்டம் வந்தபின் பையணிந்த வக்கீல் எவர்மீதும் ஓர் அடிகூட விழவில்லை. அண்டை நாட்டு மன்னர்கள் சட்டத்தின் நகல் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். மாமன்னர் அமைச்சரைத் தழுவிக்கொண்டார்.

பொம்மக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.