இடுப்பு நோட்டுக்கு ஒரு சான்றிதழ்

ஆரணி,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அகராதி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற புஷ்பராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் துணைவி கமலாவதியும் நலம். தங்கள் நலத்தையும் அகராதியின் நலத்தையும் அறிய ஆவல். இனி அவசரத்துக்கு வருகிறேன். இடுப்பு என்ற சொல்லை மக்கள் எப்படியெல்லாம் வழங்குகிறார்கள் என்று சேகரித்துத் தரும்படி தாங்கள்தான் என்னைப் பணித்தீர்கள் என்று, வட்ட முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று உடனே வேண்டும். என் மகள் வர்ஷாவின் கல்யாணமே அதில்தான் நிற்கிறது.

இடுப்பு என்றால் உடம்பின் நடுப்பகுதி, ஒரு வரியில் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஐயா, அது கடல். எதிர்வீட்டுப் பரிமளாவின் குழந்தை "இடுப்ப வுட்டு எறங்க மாட்டேங்குது". பூக்காரப் பச்சையம்மாளுக்கு வெற்றிலைப் பை, செல்போன், வீட்டுச் சாவி எல்லாம் இடுப்பில். பிள்ளை பெறும் முன் வருவது இடுப்பு வலி, மூட்டை தூக்கிய பின் வருவது இடுப்புப் பிடிப்பு. மாற்றிச் சொன்னால் ஆட்டோக்காரர் நம்மைப் பிரசவ ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பாலு, "பொடவையில இடுப்புக்குள்ள போற மொழத்துக்கு ஜரிகை எதுக்குங்க, யாரு பாக்கப் போறாங்க" என்றபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அதன்பின் தெருவில் எந்தப் பெண் இடுப்பு என்றாலும் நின்று, பெயர் கேட்டு, கிழமையோடு எழுதினேன். மூன்று வாரத்தில் நோட்டு முக்கால்வாசி நிறைந்தது. தெருவில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்ததை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெள்ளாரிலிருந்து பையனின் அப்பா அப்பாண்டைராஜ் அவர்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு வர்ஷாவைப் பிடித்துவிட்டது என்பது அவன் மூன்று முறை தண்ணீர் கேட்டதிலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "பஸ்ஸுல குலுக்கி எடுத்துட்டான், இடுப்பே கழண்டு போச்சி" என்றார். ஐயா, இடுப்பு கழலும் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. என் கை தானாக வேட்டி மடியிலிருந்து நோட்டை எடுத்துவிட்டது. "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, உங்க முழுப் பேரு என்னாங்க?" என்று கேட்டேன்.

"என்னாங்க எழுதிகினு இருக்கீங்க?" என்று அப்பாண்டைராஜ் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் எல்லாரும் கேட்க வாசித்தார். "பரிமளா, எதிர்வீடு, இடுப்பு, செவ்வாய். பச்சையம்மாள், பூக்கடை, இடுப்பு, புதன். சிவசங்கரி, குழாயடி, இடுப்பு, வியாழன், மறுபடியும் வெள்ளி." என் துணைவியையும் ஒளிக்காமல் எழுதியிருந்தேன், அந்த நேர்மையை யாரும் பாராட்டவில்லை. அவர்கள் அப்போதே எழுந்து போயிருப்பார்கள். ஆனால் நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. தெள்ளார் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அதனால் கோபத்தோடேயே இலையில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டு, பஸ் ஏறினார்கள். கமலாவதி இன்றுவரை என்னிடம் பேசவில்லை. வர்ஷா மட்டும், "எனக்கு அவரப் புடிச்சிருந்திச்சிப்பா" என்றாள். அதைக் கேட்டதும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே சான்றிதழை அப்பாண்டைராஜ் அவர்கள் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பக் கோருகிறேன். நான் இடுப்பைத் தேடி அலைந்தது தமிழுக்காகத்தான் என்பதை அழுத்திச் சொல்லவும். தங்கள் அகராதி கடைசி எழுத்துவரை குறைவின்றி அச்சேறி, தங்கள் இல்லம் செழிக்க அருகனை வேண்டும்,

தங்கள் உண்மையுள்ள,
புஷ்பராஜ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தெள்ளாரிலிருந்து போன். பையனின் அம்மாதான். "அகராதிக்கோசரம் எழுதுனீங்கன்னு வர்ஷா என் புள்ளைகிட்ட சொல்லிச்சாம். மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணா? இடுப்பொடிய வேலைன்னு ஒண்ணு இருக்கே, அதயும் எழுதிக்குங்க" என்றார். வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வருகிறார்கள். எனவே சான்றிதழ் வேண்டாம். இன்னொன்று. உறையில் எழுதத் தங்கள் முகவரி பார்ப்பதற்காக, யாருக்கு எந்தச் சொல் என்று தாங்கள் அனுப்பியிருந்த பட்டியலை வர்ஷா எடுத்தாள். அதில் என் பெயருக்கு நேராக இருப்பது முழங்கை. இடுப்பு, அடுத்த வரியிலுள்ள தஞ்சாவூர்க்காரருக்கு. தயவுசெய்து தெள்ளாருக்கு ஒரு கார்டுகூடப் போட்டுவிடாதீர்கள்.