சக்கரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

ஆறாம் வகுப்பிலிருந்து கவனித்து வருகிறேன். அருண்பாண்டியன் கிரிக்கெட் ஆட வந்தால் முதலில் டீமுக்குப் பெயர் வைப்பான். பெயர் முடிவாவதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும். பந்து யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழும். யாரிடமும் இருக்காது.

வாசகரே, இவர்கள் ஒரு தனி இனம். ‘அதுக்கு முன்னாடி’க்காரர்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மையெல்லாம்விட அதிகமாக உழைப்பார்கள், தூங்காமல் யோசிப்பார்கள், கலர் கலராகப் படம் வரைவார்கள், அதில் அம்புக்குறி போடுவார்கள், அம்புக்குறிக்கு நிழல் கொடுப்பார்கள். வேலையை மட்டும் தொடங்க மாட்டார்கள்.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவனை நம்பித்தான் நாங்கள் சண்டை ரோபோ செய்யப் புறப்பட்டோம். கூண்டுக்குள் இரண்டு இயந்திரங்களை விட்டு, வெளியே நின்று ரிமோட்டில் ஓட்டி, ஒன்றையொன்று நொறுக்க விடுகிற விளையாட்டு. போட்டி கடலூரில். எடை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. வடிவமைப்பு அருண்பாண்டியன். ஓட்டுவது இளவரசி. தூக்கிச் சுமப்பது நான்.

இளவரசி விளையாட்டாக வரவில்லை. ரிமோட்டில் ஓடும் பெரிய பொம்மைக் கார் ஒன்றை வாங்கி, சிதம்பரத்தில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் வாளிகளுக்கு நடுவே இடிக்காமல் ஓட்டிப் பழகினாள். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் வேலை பார்க்கும் அம்மா மலர்க்கொடியிடம், போட்டியன்று லீவு போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள். மகள் காலேஜில் என்னதான் செய்கிறாள் என்பதை அந்த அம்மா அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் முதல் கூட்டம்.

“மொதல்ல சக்கரத்தப் போட்டு ஓட்டிப் பாத்துடலாம்டா,” என்றாள் இளவரசி.

“போடலாம். அதுக்கு முன்னாடி, பேரு?”

நிர்மூலன் என்று பெயர் வைக்க நான்கு டீ ஆயிற்று.

“கண்ணு செவப்பா இருக்கணும் மச்சான். எதிரி பயப்படணும்.”

“எதிரியும் மெஷினுதானடா,” என்றேன்.

“ஓட்டறவன் மனுசன்தான?”

சிவப்புக் கண் ஸ்டிக்கருக்கு ஆர்டர் போட்டோம்.

அடுத்து கத்தி. ரோபோவின் தலைமேல் ஃபேன் இறக்கை போலச் சுழலும் இரும்புப் பட்டை. அதைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வாரக்கணக்கில் ரசித்தோம். திரையில் எல்லாமே ஓடும். “சக்கரம்?” என்று இளவரசி கேட்கும்போதெல்லாம், “அதக் கடைசில பாத்துக்கலாம், சின்ன வேல,” என்றான். நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் மழை பெய்தால் உழுவார்கள். யாரும் வரைபடம் போட்டதில்லை. அதனாலோ என்னவோ, காகிதத்தில் நேராக ஒரு கோடு விழுந்தாலே வேலை பாதி முடிந்த மாதிரி ஒரு மரியாதை எனக்கு வந்துவிடுகிறது. படித்தவன் என்பதற்கு அடையாளம் இதுதானா?

கடைசி வாரம் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தோம். கத்தி, அதைச் சுற்றும் மோட்டார், பேட்டரி, உடம்பு எல்லாம் போக, சக்கரத்துக்கு மிச்சமிருந்த எடை, கடைசிப் பந்திக்கு வரும் பாயசம் அளவு. அருண்பாண்டியன் கலங்கவில்லை. இளவரசியின் பொம்மைக் காரைக் கவிழ்த்து, அதன் நான்கு சக்கரங்களையும் குட்டி மோட்டார்களையும் கழற்றி நிர்மூலனுக்கு மாட்டினான்.

“திருப்பித் தந்துடுவேன் இளவரசி.”

“தராம எங்க போவ?”

போட்டியன்று, கத்தி சுழலாதவரை நிர்மூலன் நகர்ந்தது. கூண்டுக்குள் விடுமுன் நடத்தும் சோதனையில் தேறிவிட்டோம். ஸ்டிக்கரைப் பார்த்து இரண்டு பேர் செல்ஃபிகூட எடுத்துக்கொண்டார்கள். எதிராளியின் ரோபோ முறம் போலச் சரிவான ஒரு தகரப் பெட்டி. பெயர்கூட இல்லை.

மணி அடித்தது. கத்தி வலப்பக்கம் சுழன்றது. கனமான கத்தி, பிடிப்பில்லாத பொம்மைச் சக்கரம். ஆகவே உடம்பு இடப்பக்கம் சுழன்றது. இளவரசி முன்னால் தள்ளினாள், சுற்றியது. பின்னால் இழுத்தாள், சுற்றியது.

“சிதம்பரத்துலேருந்து வந்துருக்குல்ல, ஆடாம இருக்குமா?” என்று எதிர்க் கூட்டத்தில் ஒரு குரல்.

தகரப் பெட்டி நிதானமாக வந்து, அடியில் நுழைந்து, தோசையைத் திருப்புவதுபோல் கவிழ்த்தது. கத்தி தரையில் உரசி நெருப்புப் பறந்தது.

“தீப்பொறிய பாத்தியா மச்சான்!” என்றான் அருண்பாண்டியன்.

மலர்க்கொடி அம்மா கைதட்டிக்கொண்டே வந்தார். “செவப்புக் கண்ணுதான உங்களுது? அழகா சுத்துச்சு.” பிறகு மகளின் கையைப் பார்த்தார். “இது எதுக்கு பாப்பா, கையில வச்சி அமுக்கிக்கிட்டே இருந்தியே?”

இளவரசி ரிமோட்டைப் பைக்குள் வைத்தாள்.

“அடுத்த தடவ வந்து பாருங்கம்மா,” என்றான் அருண்பாண்டியன். “இவதான் ஓட்டுவா. நான் பொறுப்பு.”

“சரி தம்பி. முன்னாடியே சொல்லிடுங்க. மில்லுல லீவு சொல்லணும்.”

அடுத்த ரோபோவுக்கு வேலை மும்முரமாக நடக்கிறது. பெயர் முடிவாகிவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். அஸ்திவாரம் தோண்டும் முன் வாசல் கேட்டுக்கு டிசைன் பார்த்தவர், நடைப்பயிற்சிக்குப் போகும் முன் ஷூ வாங்கி அதை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர், தாராளமாகச் சிரிக்கலாம். நான் சிரிக்க முடியாது. இந்தக் கட்டுரைக்குத் தலைப்பைத்தான் முதலில் எழுதினேன்.

மலர்க்கொடி அம்மா போன் செய்தால் கடைசியில், “எப்ப வரணும் பாப்பா?” என்று கேட்கிறாராம். இளவரசியின் மேசைமேல் அந்தக் கார் இன்னும் வயிறு படியக் கிடக்கிறது. நான்கு சக்கரம் பாக்கி.