ஓடாத சர்வருக்கு ஒரு பாராட்டு

நெல்லை எடை போடத் தராசு வேண்டும், சாக்கு வேண்டும், ஆள் வேண்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தது எங்கள் அறியாமை. வேண்டியது சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர். அது வாடகைக்கு எங்கோ தொலைவில் ஓடும். அது ஓடினால்தான் டோக்கன் வரும். டோக்கன் வந்தால்தான் நெல் தராசில் ஏறும். பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் இதுதான் சட்டம்.

அந்த வாடகையை எந்த முறையில் கட்டுவது என்று ‘விவசாயப் பெருமக்களின் மேலான கருத்தை அறியும் கூட்டம்’ போட்டார்கள். என் நெல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது. என் பெண்டாட்டி கனகா தார்ப்பாய் முனையில் கல்லை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். வானம் கறுத்துக்கிடந்தது.

"நெல்ல தள்ளிவுடற வழிய பாரு. அங்க போயி பேரம் பேசிக்கினு நிக்காத."

பேசாமல் இருக்க முடியுமா? மாட்டுக் கயிற்றிலிருந்து டிராக்டர் வரை, சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கியது கிடையாது.

சென்னைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த இளமதி என்ற பெண் விளக்கினாள்: "ரெண்டு பிளான் சார். ப்ரீபெய்டுன்னா ஒரு வருஷத்துக்கு மொத்தமா முன்பணம். ரேட் கம்மி. ஆனா ஓடினாலும் ஓடலன்னாலும் காசு போனது போனதுதான். இன்னொண்ணு மணிக்கணக்கு. ஓடுற நேரத்துக்கு மட்டும் காசு. ரேட் அதிகம்."

நிலையப் பொறுப்பாளர் தாமோதரன் சார் கண்ணை மூடி யோசித்தார். "ப்ரீபெய்டு எடுத்தா, அறுவடை இல்லாத மாசத்துல சர்வர் சும்மா இருக்கும். ஆடிட்ல கேப்பாங்க. மணிக்கணக்குன்னா எவ்ளோ ஆகும்னு இப்பவே சொல்ல முடியாது. அதையும் கேப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் பெரிய யோசனை? அறுவடை மெஷினு மணிக்கணக்குல எடுக்கறதில்ல? டிரைவர் டீ குடிக்கப் போனா அந்த நேரத்த கழிச்சிக்குவேன். இதுவும் அதான். ஏம்மா, ஓடாத நேரத்துக்கு ஒத்த பைசா தரமாட்டோம். ஒத்துக்கினா கையெழுத்து போடு, இல்லன்னா நட."

"டேட்டா வைக்கிற இடத்துக்காவது வாடகை சார்..."

"எங்க நெல்லு தெருவுல கீது. உன் டேட்டாவுக்கு எடமா?"

ஊரே கைதட்டியது. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டது.

இரண்டு நாள் கழித்து டோக்கன் கேட்டுப் போனேன். தாமோதரன் சார் பதறி எழுந்தார்.

"ஐயையோ, ஆன் பண்ணா மீட்டர் ஓடுமே!"

"ஓடட்டும். அதுக்குத்தான எடுத்தது?"

"ஓடலன்னா காசு இல்லன்னு பேசி முடிச்சவரே நீங்கதான். அதான் இதுவரைக்கும் ஓட்டவே இல்ல. செலவு சைபர். மேலிடத்துல இருந்து பாராட்டி போன் வந்துச்சி. உங்க ஒருத்தருக்காக அத கெடுக்கணுமா?"

வாசலில் போர்டும் மாட்டியிருந்தார்: ‘டோக்கன் கோரி அரசின் சிக்கன நடவடிக்கைக்குக் குந்தகம் விளைவிக்காதீர்.’

கத்தினேன். மேசையைத் தட்டினேன். நெல் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களே வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். "வுடு நைனா. ஊருக்கு நீ வாங்கிக் குடுத்த பேரு. நீயே கெடுக்காத."

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. நாலு நாள் கழித்து விட்டபோது எல்லார் குவியலும் முளைத்திருந்தது. நிலைய வாசல் பச்சைப்பசேல் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்குழு வந்தது. இப்போது ஆபீசுக்கு ஆபீசு ‘பசுமை அலுவலகம்’ என்று ஒரு மோகம். காரிலிருந்து இறங்கிய பெரிய அதிகாரி குவியல்களைச் சுற்றி வந்தார். "கரண்டே இழுக்காத சர்வர். வாசல்லயே புல்வெளி. பிரமாதம்! யார் யோசனை?"

தாமோதரன் சார் என்னைக் காட்டினார்.

"ஐயா, இது புல்லு இல்ல. என் நெல்லு," என்றேன்.

"ஓ, இயற்கை விவசாயமா? இன்னும் சிறப்பு!" என்று எனக்குச் சால்வை போர்த்தினார்.

கனகா அந்தச் சால்வையை உருவினாள். குவியலுக்குள் நனையாமல் கொஞ்சம் நெல் தங்கியிருந்தது. அதைச் சால்வையில் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை திருப்புலிவனத்துப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"எங்களுக்கும் நீதான் வந்து பேசணும்."

"என் நெல்ல பாத்தீங்களா?"

"அத வழியிலியே பாத்தோம். உங்க ஊருக்கு ஓடாத நேரத்துக்குக் காசு இல்லன்னு முடிச்சியாம். எங்களுக்கு அதுக்கும் கீழ கொறச்சி முடிச்சிக் குடு."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினேன். அந்தக் கம்பெனிப் பெண் விலையில் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?