மமதா ஏன் லேபுக்கு வரவில்லை?

நீலசந்திரா, பெங்களூர்
ஜூலை 1997

மரியாதைக்குரிய மரகதம் அக்காவுக்குத் தம்பி கோவிந்தப்பா கும்பிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் எல்லம்மாவும் சௌக்கியம். மமதாவும் சௌக்கியம்தான். எந்த மமதா என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆவணியில் உன் மகன் நாகேஷுக்கும் என் மகள் மமதாவுக்கும் நிச்சயம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்காகத்தான் போன வருஷம் அவள் பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கியும் காலேஜில் சேர்க்காமல் தையல் கிளாஸுக்கு அனுப்பினேன். நாகேஷ் பத்தாவதை எத்தனை தடவை எழுதினான் என்று நான் என்றைக்காவது குத்திக் காட்டியிருக்கிறேனா? இப்போதும் காட்டவில்லை. பெண் டிகிரி வாங்கிவிட்டால் நாலு பேர் முன்னால் அவனுக்குச் சங்கடம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவளும் வாய் திறக்கவில்லை. ஜாக்கெட் தைத்தாள். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குப் போன மாதம் டெலிபோன் வந்தது.

வந்த மறுநாளே மணியடித்தது. நீதான் என்று ஓடிப்போய் எடுத்தேன். யாரோ ஒரு பெண் குரல்.

"மமதா இருக்காளா அங்கிள்? இன்னிக்கு ஏன் லேபுக்கு வரல?"

ராங் நம்பர் என்று வைத்தேன். உடனே மறுபடியும் அடித்தது. "கோவிந்தப்பா அங்கிள்தானே? எம்.ஜி. ரோட்டுல லிஃப்ட் ஓட்டுறீங்களே? நான் சரளா. என்னையும் மமதாவையும் மாடி வரைக்கும் ஏத்திட்டுப்போய் ஊரையே காட்டினீங்களே, மறந்துட்டீங்களா?"

அந்தச் சரளாவை நான் கண்ணால் கண்டதில்லை அக்கா. லிஃப்டில் சொந்தக்காரரை ஏற்றினால் மேனேஜர் என் சீட்டைக் கிழித்துவிடுவார் என்பது உனக்கே தெரியும். ஆனாலும் தினமும் சரளா கூப்பிட்டாள். மமதாவின் வெள்ளைக் கோட்டு லேபில் தொங்குகிறதாம், டெஸ்டில் அவள்தான் முதலாம், தவளை அறுக்க அவளை விட்டால் ஆள் இல்லையாம். டெலிபோன் ஆபீஸில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஓஸ்வால்டைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒயரைப் பிரித்து, ரிசீவரைக் காதில் வைத்து, முகம் வெளுத்து எழுந்தார். "லைன் கலந்து கிராஸ் டாக் எல்லாம் ஒண்ணும் இல்லப்பா. உன் பொண்ணைத்தான் கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு, போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எல்லம்மா மாரியம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து டெலிபோனுக்கு மேலே கட்டினாள். மணியடித்த அடியில் அது அறுந்து கீழே இருந்த சாம்பாரில் விழுந்ததுதான் மிச்சம்.

இதற்குள் மமதா தானே எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் "நான் அந்த மமதா இல்லைங்க" என்றாள். பிறகு "அப்புறம்?" என்று கேட்டாள். ஒரு வாரத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே, "தவளையோட இதயத்தை வெளியே எடுத்தாலும் துடிச்சிட்டே இருக்குமாம்மா" என்று சொன்னாள். எல்லம்மா தட்டோடு எழுந்துவிட்டாள். மறுநாள் மமதா எனக்குக் காபி கொண்டுவந்தபோது அவள் விரலில் ஆஸ்பத்திரி மருந்து வாடை. அன்றைக்கெல்லாம் அவள் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை அக்கா. உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

இனி பொறுக்கக்கூடாது என்று லீவு போட்டுவிட்டு, அல்சூர் ஏரிப் பக்கம் சரளா சொன்ன பெண்கள் காலேஜுக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் பாலசுப்ரமணியன் என்று ஒருவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க கோவிந்தப்பா! பொண்ணு இப்பதான் உள்ள போச்சு."

"நான் இங்க வந்ததே இல்லைங்க."

"இன்னாங்க இது? போன வருஷம் சேர்க்க வந்தீங்களே, கொட்டுற மழைல. என் குடையைக்கூட வாங்கிட்டுப் போனீங்க. அது எங்க?"

குடை எங்கே என்று நான் என்னத்தைச் சொல்ல? உள்ளே நடந்தேன். ஜன்னல் வழியாக லேபைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டில் பெண்கள். முதுகைக் காட்டி நின்ற ஒருத்தியின் பின்னல், இடது கையால் கத்தியைப் பிடித்த விதம், தலையை ஒருக்களித்துச் சாய்த்தது எல்லாம் நம் மமதாதான். அவள் மெதுவாகத் திரும்பத் தொடங்கினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். பாலசுப்ரமணியன் "குடை! குடை!" என்று ரோடு வரைக்கும் துரத்தினார்.

வீட்டில் மமதா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"காலேஜுக்கு வந்தியாமே. சரளா இப்பதான் போன் பண்ணா. உள்ள வந்திருக்கலாம்லப்பா?"

"உனக்குப் படிக்கணும்னு அவ்வளவு ஆசைன்னா அன்னிக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கக்கூடாதா?" என்றேன்.

"அன்னிக்கு ஆசையே இல்லப்பா. நம்ம தெருவுல யாரு காலேஜுக்குப் போனாங்க? அது வேற யாருக்கோன்னு இருந்தேன். இப்ப தினம் ஒருத்தி கூப்பிட்டு ஏன் வரலன்னு கேக்கறா. நான் வராததால ஒரு இடம் காலியா இருக்குன்னு யாரும் அதுக்கு முன்னாடி சொன்னதே இல்ல."

இது பேய் பேச்சு என்று எல்லம்மா அழுகிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆகவே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை டெலிபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நிச்சயத்தை ஆவணிக் கடைசி வரை இழுக்கவேண்டாம், ஆடி முடிந்த கையோடு நாகேஷைக் கூட்டிக்கொண்டு பூத்தட்டோடு வா. இதில் மாற்றம் இல்லை. மாமாவுக்கு என் நமஸ்காரம், நாகேஷுக்கு ஆசீர்வாதம். உன் கால்வலி தீர மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

தம்பி கோவிந்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மணியடித்தது அக்கா. நான்தான் எடுத்தேன். இந்தத் தடவை சரளா இல்லை. "அப்பா, கிளாஸ் முடிஞ்சுது. அல்சூர்ல ஒரே மழை. பஸ் ஸ்டாப்புல தனியா நிக்கிறேன், வர்றியா?" என் மகள் குரல். எதிரே அடுப்படியில் என் மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னையும் அறியாமல் "அங்கேயே நில்லும்மா, அப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அல்சூர் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, யாரும் இல்லை. நனைந்துகொண்டே ரொம்ப நேரம் நின்றேன். பெண்ணை அப்படித் தனியாக நிற்கவிட எனக்கு மனசு வரவில்லை. மேலே எழுதியதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள். நாகேஷுக்கு வேறு இடம் பார். திங்கட்கிழமை மமதாவைக் காலேஜில் சேர்க்கக் கூட்டிப்போகிறேன். அங்கே இருக்கிறவள் இவளைப் பார்த்து என்ன சொல்வாளோ, அது ஒன்றுதான் பயமாக இருக்கிறது.