தலைமை நர்ஸ் பரீட்சைக்குள் நான் நுழைந்த விதம்

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், கணினி ஒன்றுதான் கொஞ்சம் முகம் சுளிக்கிறது. உன் நலமும் என் தங்கையாகிய உன் அம்மா நலமும் அறிய ஆவல்.

சங்கதி என்னவென்றால், இன்று உன் அத்தைக்குத் தலைமை நர்ஸ் பரீட்சை. வருஷக்கணக்காக அவள் காத்திருந்த பதவி. அவள் ஆஸ்பத்திரியைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வாங்கிவிட்டதால் பரீட்சையெல்லாம் இப்போது கணினியில்தான். "நீங்க வர வேணாம்" என்றாள். அதற்கு "வாங்க" என்று அர்த்தம், கல்யாணமான உனக்குத் தெரியாததா. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நான் பரீட்சை அறையில் கணினி முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திரையில், பேருக்குப் பின்னால் நத்தை மாதிரி ஒரு சுழி (@) போட்டு, ஆஸ்பத்திரிப் பேரையும் எழுதச் சொல்லியிருந்தது. நம்ம பேருக்கு எதுக்கு வால் என்று வெறும் பேரை அடித்தேன். பொருந்தவில்லை என்றது. பெரிய எழுத்தில் அடித்தேன், சின்ன எழுத்தில் அடித்தேன், ஓங்கியும் அடித்தேன். கடைசியில் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டு, நான் யாரு, எப்பேர்ப்பட்டவன், நடுக்கடல்ல நின்னுபோன கப்பலோட கணினியையே தட்டி எழுப்பினவன்னு விளக்கிக்கிட்டிருக்கேன், அந்த ஆள் குறுக்கே விழுந்து, "சார், முதல்ல ரீல் விடாதீங்க"ங்கிறான். விடுவேனா? "யாரைப் பார்த்து ரீல் விடாதேங்கிறே தம்பி"ன்னு ஒரு பிடி பிடிச்சேன். பிடிச்ச வேகத்துல புது ஆஸ்பத்திரிப் பேரையும் சேர்த்து அடிச்சுப் பார்த்தேன், திரையில பூட்டுப் படம் விழுந்திடுச்சு. பூட்டு எல்லாருக்கும் விழாது மருமகனே, பெரிய மனுஷங்களுக்குத்தான் அவ்வளவு காவல். உன் அத்தை தலையில கை வெச்சுக்கிட்டா, அவ்வளவு அசந்துபோயிட்டா. என் திறமையைப் பார்த்து மிரண்டு ஆஸ்பத்திரியே பரீட்சையை நாளைக்குத் தள்ளி வெச்சிருக்கு. நாளைக்கும் நான்தான் கூடப் போறேன்.

நீயும் நெட்வொர்க் வேலையில்தானே இருக்கிறாய், சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேள்.

மனைவி மக்களோடும் மறக்காத கடவுச்சொல்லோடும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பி.கு.: அத்தை எழுதுறேன்பா. அந்தத் தம்பி சொன்னது, "ரெல்ம் விடாதீங்க". சுழிக்குப் பின்னாடி வர்ற ஆஸ்பத்திரிப் பேருக்கு ரெல்ம்னு பேராம், அதை விட்டுடாதீங்கன்னு சொல்லியிருக்கு. அங்கே பழைய ஆஸ்பத்திரிப் பேரைத்தான் போடணுமாம். அதுகூடப் போகட்டும். சுழிக்கு முன்னாடி உன் மாமா அத்தனை தடவையும் அடிச்சது அவரோட பேரை. கேட்டா, குடும்பத் தலைவர் பேரைத்தானே எங்கேயும் போடுவாங்கங்கிறார். கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கேன். கடிதத்தை ஒட்டி, காலையில அவர் கையிலயே கொடுத்தனுப்புறேன். பரீட்சை முடிஞ்சு நான் போன் பண்ற வரைக்கும், உங்க வீட்டு நெட் வேலை செய்யலைன்னு சொல்லி அவரை அங்கேயே உட்கார வெச்சிரு.