ஐந்தாம் பகுதியிலிருந்து என் முகத்தை நீக்கித் தருமாறு

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நாடகப் பிரிவு ஆசிரியர் அம்மையார் அவர்களுக்கு,

ஹால்விக் துறைமுகத்திலிருந்து, ஓய்வுபெற்ற படகு மெக்கானிக் ஹோல்கர் ப்ரூன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

விருது வாங்கிய மீன்கடைக்காரியை ஊரே ஒதுக்கிவைக்கும் கதையைப் படம்பிடிக்கத் தங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள் அல்லவா, அன்று நான் பெயின்ட் வாங்க என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், இயக்குநர் வழிமறித்து, “ஐயா, உங்க முகத்துல நல்ல பொறாமை தெரியுது, அதை அப்படியே வெச்சுக்குங்க” என்றார், அது என் சாதாரண முகம் என்று சொல்வதற்குள் வசனத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். “உனக்குப் பெரிய ஆளுன்னு நெனப்பா?” அவ்வளவுதான், ஒரே வசனம். அது ஒளிபரப்பான மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை என் படத்தை முதல் பக்கத்தில் போட்டுத் தொலைத்தது, பிறகும் இரண்டு தடவை என் பெயரைப் போட்டது.

எங்கள் குளிர்காலக் கடல்குளியல் சங்கத்தில் பத்திரிகையில் பெயர் வந்தவன் தண்டனையாகக் கேக் கொண்டுவர வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று கேக் ஆயிற்று. “உங்க மூஞ்சி ஊருக்குத் தெரியணும்னு நான் மாவு கலக்கிட்டே இருக்கணுமா?” என்கிறாள் என் மனைவி டோர்த்தே. சங்கத்து நீராவி அறைக்குள் நுழைந்தால், “நடிகர் வர்றாரு, தள்ளி உக்காருங்கப்பா” என்று பாதி பெஞ்சைக் காலி செய்துவிடுகிறார்கள். முப்பது வருஷமாக இடுப்பு இடிக்க உட்கார்ந்த எனக்கு அந்த விசாலம் தாங்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் வில்லி என்று பெயருள்ள என் உயிர்ச் சிநேகிதன் இருக்கிறான். எங்கள் ஊரில் உச்சபட்சப் பாராட்டு ‘அவ்வளவு மோசமில்லை’ என்பது, அதற்குமேல் புகழ்ந்தால் கேலி செய்கிறார்கள் என்று அர்த்தம். என் மகள் மருத்துவரானபோது வில்லி அதைத்தான் சொன்னான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வில்லி போன வியாழக்கிழமை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஹோல்கர், ரொம்பப் பிரமாதமா நடிச்சிருந்தப்பா” என்றான். அம்மையார் அவர்களே, இதற்குமேல் ஒருவனை என்ன சொல்லித் திட்ட முடியும்? சிநேகிதம் முறிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். ரொம்ப வேதனையாக இருக்கிறது.

ஆகவே மறு ஒளிபரப்பில் என் முகத்தை வெட்டிவிடுங்கள். அவசியமானால் முதுகு இருக்கட்டும், ஊரில் எல்லோருக்கும் முதுகு ஒரே மாதிரிதான்.

தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்கவும், தங்கள் நாடகங்கள் அவ்வளவு மோசமில்லாமல் அமையவும் மனதார வாழ்த்தும்,
ஹோல்கர் ப்ரூன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டோர்த்தே வந்து ஒரு சேதி சொன்னாள். அடுத்த வருஷத் தொடரில் வில்லிக்கு மூன்று வசனம் கொடுத்திருக்கிறீர்களாம். என்னிடம் மூச்சு விடவில்லை அந்த ஆள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், முகம் அப்படியே இருக்கட்டும். எனக்கு நான்கு வசனம் போதும். அடக்கத்தில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், வில்லியைத் தவிர.